மூணு மணி நேரத்துல ஒரு முழு ஆப்: ஜோஹோ மூணாவது ரவுண்டுக்கு லீட்கோட் போதுமா?

கொங்கு_கோடர்
8 ஜூன் 2024, இரவு 9.12

ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனில டெவலப்பர் வேலைக்கு இன்டர்வியூ அழைப்பு வந்திருக்கு. முதல் ரெண்டு ரவுண்டு பத்திக் கவலை இல்ல. மூணாவதுல மூணு மணி நேரம் கொடுத்து ரயில் முன்பதிவு, கால் டாக்ஸி மாதிரி ஒரு ஆப்பை முழுசா எழுதச் சொல்வாங்களாம். கன்சோல்ல, அதாவது எழுத்து மட்டும் தெரியுற திரையில ஓடுற ஆப் தானே? லீட்கோட் (கோடிங் கணக்குப் பயிற்சித் தளம்) போட்டு அல்காரிதம் தெரிஞ்சு, வேகமா டைப் அடிச்சா முடிஞ்சுதுங்கறது என் கட்சி. ரூம்மேட் இல்லவே இல்லைங்கறான். யார் சொல்றது சரி?

பின்தளம்
8 ஜூன், இரவு 9.50

ரூம்மேட் சொல்றது. அந்த ரவுண்டுல டைனமிக் புரோகிராமிங், கிராஃப் மாதிரி கஷ்டமான அல்காரிதம் கிடையாது. ஒரு லிஸ்ட், ஒரு க்யூ, ஒரு மேப், தேவையான சாமான் இவ்வளவு தான். ஆனா கேள்வி அரைப் பக்கம் இருந்தா, அதுல சொல்லாம விட்ட விதி ஒரு பக்கம் இருக்கும். அந்த விதியை முடிவு பண்ணாம டைப் அடிக்க உட்கார்ந்தா, ஒரு மணி நேரம் போனதும் டேட்டாவை வச்ச விதமே சரியில்லைன்னு தெரியும். பிரிச்சுக் கட்ட நேரம் இருக்காது. நிறையப் பேர் நிக்கிற இடம் இது தான்.

ஜோஹோ கேள்வின்னு பல வருஷமா இணையத்துல சுத்துற கால் டாக்ஸி கணக்கையே எடுத்துக்குவோம். நேர்கோட்டுல ஆறு நிறுத்தம்: ஏ, பி, சி, டி, ஈ, எஃப். அடுத்தடுத்த நிறுத்தத்துக்கு நடுவுல 15 கி.மீ., போக 60 நிமிஷம். முதல் 5 கி.மீ.க்குக் குறைந்தபட்சம் 100 ரூபாய், அதுக்கு மேல கி.மீ.க்கு 10 ரூபாய். டாக்ஸி நாலு, எல்லாம் ஆரம்பத்துல ஏ-ல நிக்குது. எத்தனை டாக்ஸின்னாலும் புரோகிராம் ஓடணும். ஆள் நிக்கிற இடத்துலயே காலி டாக்ஸி இருந்தா அது. இல்லாட்டி எது பக்கத்துல காலியா இருக்கோ அது. ரெண்டு டாக்ஸி ஒரே இடத்துல காலின்னா, குறைவாச் சம்பாதிச்சதுக்குச் சவாரி. எதுவும் காலி இல்லைன்னா புக்கிங்கை மறுக்கணும். ஏறின இடத்துல இருந்து இறங்குற இடம் வரைக்கும் தான் கட்டணம், காலியா ஓடி வந்த தூரத்துக்குக் காசு இல்ல.

முதல் வேலை, மூணு கட்டணத்தைத் தாள்ல கையால போட்டு வைங்க. ஏ–பி 15 கி.மீ.: 100 + 10×10 = 200. பி–டி 30 கி.மீ.: 350. ஏ–எஃப் 75 கி.மீ.: 800. ஏ–பிக்கு 250 வந்தா, முதல் 5 கி.மீ.யைக் கழிக்கலைன்னு அங்கயே தெரிஞ்சிடும்.

தேர்வறை
9 ஜூன், காலை 7.05

கட்டணம் சுலபம். இந்தக் கணக்கில் ஆளைக் கவிழ்ப்பது நேரம்.

முதல் டாக்ஸி 9 மணிக்கு ஏ-யில் கிளம்பி 11 மணிக்கு சி-யில் ஆளை இறக்குகிறது. மற்ற மூன்றும் ஏ-யிலேயே நிற்கின்றன. அடுத்த புக்கிங்: டி, ஏறும் நேரம் 11 மணி. எதை அனுப்புவீர்கள்? "பக்கத்தில் காலியாக இருப்பது" என்று எழுத்துக்கு எழுத்து படித்தால் முதல் டாக்ஸி. ஆனால் அது டி போய்ச் சேர 12 மணி ஆகும். நேரத்துக்கு வர வேண்டும் என்று பார்த்தால், ஏ-யில் 8 மணிக்கே கிளம்பக்கூடிய ஒரு டாக்ஸி தான் சரி.

கேள்வித்தாளில் இதற்குப் பதில் கிடையாது. புக்கிங் செய்த நிமிடமே ஏற வேண்டும் என்று வைத்தால், அந்த நிறுத்தத்தில் நிற்காத எந்த டாக்ஸியும் நேரத்துக்கு வர முடியாது. "பக்கத்து நிறுத்தத்திலிருந்து அனுப்பு" என்ற விதிக்கே வேலை இல்லாமல் போகும். ஆகவே இரண்டில் ஒன்று: புக்கிங் முன்கூட்டியே வருகிறது, அல்லது தாமதம் பரவாயில்லை. எதை எடுத்தாலும் நிரல் எழுதலாம். எதையும் எடுக்காமல் எழுதியவரின் நிரலில் ஒரு புக்கிங்குக்கு ஒரு விதியும் அடுத்ததற்கு வேறு விதியும் ஓடிக்கொண்டிருக்கும்.

கொங்கு_கோடர்
9 ஜூன், காலை 7.31

இதை அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்கலாமா அண்ணா? கேள்வியே புரியலைன்னு நினைச்சுட்டா?

பின்தளம்
9 ஜூன், காலை 8.20

கேட்கிற விதம் இருக்கு தம்பி. "இங்க என்ன பண்றது?"ன்னு கேட்டா, முடிவை அவங்க தலையில வைக்கிற மாதிரி ஆகும். "டாக்ஸி காலியாகுற நேரத்தோட வந்து சேர்ற நேரத்தையும் கூட்டி, ஏறும் நேரத்துக்குள்ள வருதான்னு பார்க்கப் போறேன். தாமதமானாலும் அனுப்பலாம்னா அந்தச் சோதனையை எடுத்துடுவேன். எது வேணும்?" இப்படிக் கேட்டா ஒரு வார்த்தையில பதில் வரும், உங்களுக்கு விஷயம் பிடிபட்டிருக்குன்னும் தெரியும். வந்த பதிலை ஃபைல் உச்சியில ஒரு வரி கமெண்ட்டா எழுதி வைங்க. அடுத்து கோடைப் பார்க்கிறவர் வேற ஆளா இருக்கலாம்.

இந்தக் கணக்குல அவசியம் கேட்க வேண்டிய இன்னொண்ணு: புக்கிங் நேர வரிசையில தான் வருமா? 15 மணி சவாரியை முதல்ல பதிஞ்சுட்டு, அப்புறம் 10 மணி சவாரி வந்தா, அந்த டாக்ஸி 10-க்குப் போய் முடிச்சுட்டு 15-க்குத் திரும்பி வர முடியுமான்னு ரெண்டு பக்கமும் பார்க்கணும். அதுக்கு ஒவ்வொரு டாக்ஸிக்கும் சவாரிப் பட்டியல் வேணும். வரிசையாத் தான் வரும்னு பதில் கிடைச்சா, "கடைசியா நிக்கிற இடம், காலியாகுற நேரம், சம்பாத்தியம்" மூணு ஃபீல்டுல கதை முடிஞ்சுது. ஒரே கேள்வியில முக்கால் மணி நேரம் மிச்சம்.

தேர்வறை
9 ஜூன், காலை 8.44

நேரத்தை மணியாக வைக்காமல் நிமிடமாக, ஒரே முழு எண்ணாக வையுங்கள். 22 மணிக்கு ஏ-யில் ஏறி எஃப் போனால் 27 மணி வரும். 24-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொண்டால், அதிகாலை 3 மணிக்கே காலியாகிவிட்டதாகக் கணக்காகி, 23 மணிக்கும் அதே டாக்ஸி ஒதுக்கப்படும். உள்ளே 1620 நிமிடம் என்றே இருக்கட்டும். திரையில் காட்டும்போது மட்டும் மாற்றுங்கள்.

சுட்டிக்காரன்
9 ஜூன், மதியம் 1.15

முதல் ரெண்டு ரவுண்டு பத்திக் கவலை இல்லைன்னு தம்பி எழுதியிருக்கார். கொஞ்சம் கவலைப்படலாம். வழக்கமா முதல் ரவுண்டு எழுத்துத் தேர்வு: ஆப்டிடியூட், அதோட சி மொழியில ஒரு துண்டு கோட் கொடுத்து அவுட்புட் என்னன்னு கேட்பாங்க. ஜாவா, பைத்தான் மட்டும் பழகினவங்க இங்க தடுக்கி விழுவாங்க.

அடைப்புக்குறி போடாத மேக்ரோ (கம்பைல் ஆகும் முன்னாடி எழுத்தை அப்படியே மாத்தி வைக்கிறது): எக்ஸ் பெருக்கல் எக்ஸ்னு எழுதி வச்ச மேக்ரோவுக்குள்ள 3+2 அனுப்பினா 25 வராது. 3+2×3+2 ஆகி 11 வரும். பிரின்ட்எஃப் எத்தனை எழுத்து அச்சடிச்சதோ அந்த எண்ணைத் திருப்பித் தரும். ஒரு பிரின்ட்எஃப்புக்குள்ள இன்னொண்ணு வச்சுக் கேட்கிறது இதுக்காகத் தான். ஒற்றை மேற்கோள்ல இருக்கிற ஓர் எழுத்தோட சைஸ்ஆஃப் (எத்தனை பைட்னு சொல்றது), சி-ல இன்ட் அளவு, சி++ல 1. மைனஸ் 1-ஐ சைஸ்ஆஃப் இன்ட்டோட ஒப்பிட்டா மைனஸ் 1 சின்னதுன்னு வராது, ஏன்னா சைஸ்ஆஃப் தர்றது குறியில்லா எண், மைனஸ் 1-ம் அதே வகைக்கு மாறி பிரம்மாண்டமான எண்ணாயிடும். அரேவை ஃபங்ஷனுக்கு அனுப்பினதும் அது வெறும் சுட்டி (பாயின்டர்), அதுக்கப்புறம் சைஸ்ஆஃப் எடுத்தா சுட்டியோட அளவு தான் வரும். ஸ்விட்சுல பிரேக் இல்லாட்டி கீழ உள்ள கேஸுக்கும் வழியும். ஃபங்ஷனுக்குள்ள இருக்கிற ஸ்டேட்டிக் மாறி ஒரே தடவை தான் தொடக்க மதிப்பு வாங்கும்.

ஒரே வரியில, நடுவுல &&, || மாதிரி எதுவும் இல்லாம, ஒரே மாறியை ரெண்டு தடவை ++ பண்ற கேள்விக்கு சி தரவிதிப்படி விடையே கிடையாது. கம்பைலரைப் பொறுத்து மாறும். "வரையறுக்கப்படாத நடத்தை" (அன்டிஃபைன்ட் பிஹேவியர்)னு ஒரு விருப்பம் இருந்தா அதைக் குறிங்க.

சுட்டிக்காரன்
9 ஜூன், மதியம் 1.32

ரெண்டாவது ரவுண்டு: மெஷின்ல சின்னச் சின்ன புரோகிராம். தயார் ஃபங்ஷனைத் தொடாம எழுதணும்னு பெரும்பாலும் சொல்வாங்க. அதனால சார்ட், ரிவர்ஸ், ஸ்ப்ளிட் மூணையும் கையால எழுதிப் பழகுங்க. ஒற்றைப்படை நீளமுள்ள சொல்லை எக்ஸ் வடிவத்துல அச்சடிக்கச் சொன்னா, வரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் சமமா இருக்கிற இடம், ரெண்டையும் கூட்டினா நீளத்துல ஒண்ணு குறைவா வர்ற இடம், அவ்வளவு தான். மத்த இடம் வெற்றிடம். எண்ணை எழுத்தால எழுதச் சொன்னா நம்ம ஊர் கணக்குல கடைசி மூணு இலக்கம் ஒரு கூறு, அதுக்கு மேல ரெண்டு ரெண்டா ஆயிரம், லட்சம். 11-லிருந்து 19 வரைக்கும் தனிப் பட்டியல். 1,00,005 கொடுத்துப் பாருங்க, "பூஜ்யம் ஆயிரம்"னு வந்தா காலிக் கூறைத் தாண்டலைன்னு அர்த்தம்.

தென்காசிச்சாரல்
9 ஜூன், இரவு 8.10

டாக்ஸியை விட ரயில் கணக்கு தான் கனம். அதுவும் இதே மாதிரி பல வருஷமா சுத்துது. உறுதியான படுக்கை 63, ஆர்ஏசி (பாதி இருக்கையோட படுக்கைக்குக் காத்திருக்கிறவங்க) 18 பேர், காத்திருப்பு 10 பேர், அதுக்கு மேல "டிக்கெட் இல்லை". 5 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்குப் படுக்கை கிடையாது, விவரத்தை மட்டும் வச்சுக்கிடணும். 60-க்கு மேல வயசானவங்களுக்கும், பிள்ளையோட வர்ற பெண்களுக்கும் இருந்தா கீழ்ப்படுக்கை. ஆர்ஏசிக்குப் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை.

63 எங்கிருந்து வந்துச்சுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. 72 படுக்கை உள்ள பழைய ஸ்லீப்பர் பெட்டியில 9 கூறு, ஒவ்வொண்ணுலயும் 8. கீழ் 18, நடு 18, மேல் 18, பக்கவாட்டு மேல் 9, கூட்டினா 63. மிச்சம் பக்கவாட்டுக் கீழ் 9. அதுல ஆளுக்குப் பாதியா ரெண்டு ரெண்டு பேர், 18 ஆர்ஏசி. படுக்கை எண்ணை 8-ஆல வகுத்தா மீதி 1, 4 கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ். 0 பக்கவாட்டு மேல். ஒரு லூப்புல அஞ்சு பட்டியல் தயார். கையால எண் எழுதி நிரப்பிக்கிட்டு இருக்காதீங்க.

இனி அடி விழுற இடம். பயணி விவரத்தை ஒவ்வொண்ணா வாங்கி, வாங்கின உடனே படுக்கை கொடுத்தா விதி உடையும். அம்மா பேரை முதல்ல அடிச்சதும் மேல்படுக்கை கொடுத்தாச்சு, அடுத்து பிள்ளை பேர் வருது. இப்போ தான் அவங்க பிள்ளையோட வர்றது தெரியுது. அதனால ஒரு டிக்கெட்ல உள்ள எல்லாரையும் முதல்ல வாங்கி முடிச்சுட்டு, அப்புறம் தான் ஒதுக்கணும்.

தென்காசிச்சாரல்
9 ஜூன், இரவு 8.41

ரத்து பண்றதைத் தனியாச் சொல்லணும், பேனல்ல உட்கார்றவங்க அங்க தான் குடைவாங்க.

உறுதியான டிக்கெட் ரத்தானா, ஆர்ஏசி முதல் ஆள் அந்தப் படுக்கைக்குப் போகணும். அவர் விட்ட பாதி இருக்கைக்குக் காத்திருப்பு முதல் ஆள். ஆர்ஏசி ஆள் ரத்து பண்ணினா காத்திருப்புல இருந்து மட்டும் ஒருத்தர் ஏறுவார். காத்திருப்பு ஆளே ரத்து பண்ணினா, பின்னால நிக்கிறவங்க எண் மட்டும் குறையும்.

காத்திருப்பு எண்ணை டிக்கெட்டுக்குள்ள ஃபீல்டா வைக்காதீங்க. க்யூவுல எத்தனாவது இடம்னு கேட்கும்போது எண்ணிச் சொல்லுங்க. வச்சா ஒவ்வொரு ரத்துக்கும் எல்லா டிக்கெட்டையும் திருத்தணும், ஒண்ணு விட்டுப்போகும். ஆர்ஏசிக்கு இதுக்கு நேர்மாறு. படுக்கை எண்ணை டிக்கெட்ல எழுதியே ஆகணும். வரிசை இடத்தை வச்சுப் படுக்கையைக் கணக்குப் போட்டா, முதல் ஆள் நகர்ந்ததும் மிச்சம் 17 பேரும் இருக்கை மாறிடுவாங்க. 7-ம் நம்பர்ல பாதி காலியானா, புதுசா வர்றவர் 7-க்குத் தான் போகணும், ஆனா வரிசையில அவர் கடைசி. வரிசை வேற, இருக்கை வேற.

கொங்கு_கோடர்
9 ஜூன், இரவு 9.02

60-க்கு மேலன்னு தாள்ல இருக்கு. ஆனா நிஜ ரயில்வேல ஆம்பளைங்களுக்கு 60 ஆனாலே, பெண்களுக்கு 45 ஆனாலே கீழ்ப்படுக்கைன்னு தானே விதி? எதை எழுதறது?

தேர்வறை
9 ஜூன், இரவு 9.20

தாளில் உள்ளதை. 60-க்கு மேல் என்றால் சரியாக 60 வயதுக்காரருக்கு அந்த விதி பொருந்தாது. 5-க்குக் கீழ் என்றால் 5 வயதுப் பிள்ளைக்குப் படுக்கை உண்டு. 4, 5, 60, 61 நான்கு வயதையும் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். நிஜ விதி தெரிந்திருப்பது வேறொரு விதத்தில் உதவும்: இந்த வயது வரம்புகள் மாறக்கூடியவை என்று புரிந்து, அவற்றைத் தனி மாறிலியாக (கான்ஸ்டன்ட்) மேலே வைப்பீர்கள். பெட்டியே மாறிவிட்டது, இப்போதைய எல்எச்பி வகை ஸ்லீப்பர் பெட்டியில் 80 படுக்கை, 10 கூறு. "இனி 80 என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் கூறு எண்ணிக்கையை 9-லிருந்து 10 ஆக்கியதும் உறுதியானது 70, ஆர்ஏசி 20 என்று தானே வர வேண்டும்.

பின்தளம்
10 ஜூன், காலை 6.55

மாறிலி பத்திப் பேச்சு வந்ததால: 63, 18, 10-ஐ வச்சுக்கிட்டே சோதனை பண்ணாதீங்க. நிரம்பின நிலையைப் பார்க்கவே 91 பேரை அடிக்கணும். உறுதி 2, ஆர்ஏசி 2, காத்திருப்பு 1-னு குறைச்சு வைங்க. ஆறாவது ஆளுக்கு மறுப்பு வரணும். முதல் ஆளை ரத்து பண்ணினா மூணாவது ஆள் படுக்கைக்கு, அஞ்சாவது ஆள் ஆர்ஏசிக்கு நகரணும். ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். காட்டுறதுக்கு முன்னாடி எண்ணைத் திரும்ப 63 ஆக்க மறக்காதீங்க.

நாலு பேர் ஒரே டிக்கெட், படுக்கை ரெண்டு தான் மிச்சம். பிரிச்சு ரெண்டு உறுதி, ரெண்டு ஆர்ஏசியா, இல்ல மொத்தமா ஆர்ஏசியா? இதுவும் தாள்ல இருக்காது. கேட்கிற பட்டியல்ல சேர்த்துக்குங்க.

சுட்டிக்காரன்
10 ஜூன், காலை 10.30

விதி எல்லாம் சரியா இருந்தும் மொழி காலை வாரும் இடங்கள்.

ஜாவா: ஸ்கேனர்ல நெக்ஸ்ட்இன்ட் வாங்கினதும் என்டர் மிச்சம் நிக்கும், அடுத்த நெக்ஸ்ட்லைன் அதை வாங்கிக்கிட்டு, பேருக்குப் பதிலா காலி வரியைக் கொடுக்கும். எல்லாத்தையும் நெக்ஸ்ட்லைன்லயே வாங்கி எண்ணா மாத்துங்க. ஸ்ட்ரிங்கை இரட்டைச் சமக்குறியால ஒப்பிடாதீங்க, ஈக்வல்ஸ். இன்டிஜர் ஆப்ஜெக்ட்டும் அப்படியே, இது இன்னும் மோசம்: மைனஸ் 128-லிருந்து 127 வரைக்கும் ஜாவா ஒரே ஆப்ஜெக்ட்டைத் திருப்பிக் கொடுக்கும், அதனால சின்ன எண்ணுக்கு இரட்டைச் சமக்குறி வேலை செய்யற மாதிரி இருக்கும். டிக்கெட் எண்ணை 1-லிருந்து தொடங்கிச் சோதிச்சா தெரியாது, 1001-லிருந்து தொடங்கினா எந்த டிக்கெட்டையும் கண்டுபிடிக்காது. லிஸ்டை ஃபார்-ஈச்ல சுத்திக்கிட்டே அதுல இருந்து நீக்கினா ஓடும்போதே வெடிக்கும். இட்டரேட்டர் வழியா நீக்குங்க.

சி: ஸ்கேன்எஃப்ல எண்ணுக்கு அடுத்து எழுத்து வாங்கினா அதே என்டர் பிரச்சினை. சதவீதக் குறிக்கு முன்னால ஓர் இடைவெளி விடுங்க, தீர்ந்துடும்.

கொங்கு_கோடர்
10 ஜூன், காலை 10.48

எத்தனை கிளாஸ் வைக்கணும்? ஒருத்தர் இன்டர்ஃபேஸ், ஃபேக்டரி (ஆப்ஜெக்ட் உருவாக்கவே ஒரு தனி கிளாஸ்) எல்லாம் வைக்கச் சொல்றார்.

பின்தளம்
10 ஜூன், மதியம் 12.05

டாக்ஸிக்கு மூணு போதும். டாக்ஸி, புக்கிங், ஒதுக்கீட்டைப் பார்க்கிற ஒரு சேவை கிளாஸ். மெயின்ல மெனு மட்டும் இருக்கட்டும்; கட்டணம், தூரம் எதுவும் மெயின்ல வேண்டாம். தூரத்துக்கு ஒரே ஃபங்ஷன், கட்டணத்துக்கு ஒரே ஃபங்ஷன். ஃபேக்டரி வச்சா ஏன் வச்சீங்கன்னு கேட்பாங்க, "பழக்கத்துல வச்சேன்"ங்கறது பதில் ஆகாது.

நேரம் பிரிக்கிறதுல, டாக்ஸிக்கு விதி எழுத 20 நிமிஷம் போதும், ரயிலுக்கு அரை மணி வேணும். அதுக்கப்புறம் முதல்ல புக்கிங், அடுத்து அச்சடிப்பு, அப்புறம் தான் ரத்து. அச்சடிப்பை முன்னால எழுதினா உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணால பார்க்கலாம். பகுதி பகுதியா முடிச்சுக் காட்டச் சொல்றது வழக்கம், அதனால எப்பவும் ஓடுற நிலையில ஒரு பிரதி கையில இருக்கணும். பாதி உடைஞ்ச ரத்து கோடோட மூணாவது மணியை முடிக்கிறதை விட, ரத்து இல்லாம சுத்தமா ஓடுற ஆப் மேல்.

தேர்வறை
10 ஜூன், இரவு 7.40

கடைசி வரியுடன் நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. ரயிலில் ரத்து தான் கணக்கின் உயிர். அதை விட்டால், மீதம் ஒரு பட்டியலில் பெயர் சேர்ப்பது மட்டுமே. அச்சடிப்பை அழகாக்குவதையும் உள்ளீட்டுச் சோதனைகளையும் விட்டுவிட்டு ரத்தை முடியுங்கள். டாக்ஸிக்குப் பின்தளம் சொன்னது சரி. அதில் ரத்து கேட்கப்படாமலே போகலாம்.

நான்காவது சுற்று தொழில்நுட்ப நேர்காணல். பெரும்பாலும் மூன்றாவது சுற்று நிரலிலிருந்தே தொடங்கும். "ஒரே படுக்கை மிச்சம், இரண்டு கவுண்டரில் ஒரே நொடியில் கேட்கிறார்கள். என்ன ஆகும்?" உங்கள் நிரலில் காலியா என்று பார்ப்பது ஒரு படி, எடுத்துக்கொள்வது அடுத்த படி, இரண்டுக்கும் நடுவில் மற்றவர் புகுந்தால் ஒரே படுக்கை இரண்டு பேருக்கு. ஜாவாவில் இரண்டு படியையும் சேர்த்து ஒரே பூட்டுக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவது) வைக்க வேண்டும். தரவுத்தளம் என்றால் ரயில், தேதி, படுக்கை மூன்றும் சேர்ந்து ஒரு முறை தான் வரலாம் என்ற கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாவது பதிவு தானே தோற்கும். பூட்டு என்று ஒரு சொல்லில் நிறுத்தாமல், எதைப் பூட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள். ரயில் முழுவதையும் பூட்டினால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

தென்காசிச்சாரல்
11 ஜூன், காலை 9.15

அமேசானுக்கும் சேர்த்துத் தயாராகுறவங்க கவனத்துக்கு: அங்க ஓட்டம் வேற. கோடிங், டிசைன் தவிர ஒவ்வொரு ரவுண்டுலயும் தலைமைப் பண்புக் கேள்வி வரும். முன்னாடி 14 கொள்கை, 2021-ல ரெண்டு சேர்ந்து 16. சூழல், பணி, செயல், விளைவுன்னு நாலா பிரிச்சுச் சொல்லச் சொல்வாங்க. நம்ம ஆட்கள் சூழலை அஞ்சு நிமிஷம் சொல்லிட்டு, "நாங்க பண்ணினோம்"னு முடிச்சுடுறாங்க. "நாங்க"ல நீங்க எதைப் பண்ணினீங்கன்னு தான் அவங்க எழுதிக்கிடணும். பேனல்ல ஒருத்தர், ஆள் எடுக்கிற டீமுக்கு வெளிய இருந்து வருவார், பார் ரெய்சர்னு பேர், அவர் வேண்டாம்னா வேண்டாம். யார்னு பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. கண்டுபிடிக்கப் பார்க்காம எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி பேசுங்க.

பின்தளம்
11 ஜூன், இரவு 9.30

தம்பிக்கு ஒரு பரிசோதனை. ரெண்டே டாக்ஸி, ரெண்டும் ஏ-ல. நேரத்துக்கு வந்து சேரணும்ங்கற விதி. தூரமும் சம்பாத்தியமும் சமம்னா சின்ன எண்ணுள்ள டாக்ஸி. ஆறு புக்கிங்: ஏ–பி 9 மணி, பி–டி 9 மணி, ஏ–சி 11 மணி, சி–ஏ 12 மணி, பி–சி 15 மணி, டி–எஃப் 16 மணி. உங்க புரோகிராம் என்ன சொல்லுது?

கொங்கு_கோடர்
12 ஜூன், இரவு 10.05

டாக்ஸி 1, டாக்ஸி 2, மறுப்பு, டாக்ஸி 1, டாக்ஸி 2, மறுப்பு.

பின்தளம்
12 ஜூன், இரவு 10.20

மூணாவதுல தவறுது. 11 மணிக்கு ஏ-ல ஆள். டாக்ஸி 1 பி-ல 10 மணிக்குக் காலி, 60 நிமிஷத்துல ஏ, சரியா 11. நீங்க "ஏறும் நேரத்தை விடக் குறைவு"ன்னு ஒப்பிட்டிருக்கீங்க, சமத்தை விட்டுட்டீங்க. அந்த ஒரு குறியால நாலும் அஞ்சும் சேர்ந்து மாறிடுச்சு. வர வேண்டியது: 1, 2, 1, 2, 1, மறுப்பு. அஞ்சாவதுல ரெண்டு டாக்ஸியும் பி-க்கு 15 கி.மீ. தூரத்துல இருக்கும், டாக்ஸி 1 சம்பாதிச்சது 550, டாக்ஸி 2 700, அதனால 1. முடிவுல 750, 700. தாமதத்தை அனுமதிக்கிற விதின்னா ஆறாவது மட்டும் டாக்ஸி 1-க்குப் போகும்.

கொங்கு_கோடர்
12 ஜூன், இரவு 10.41

சமம் சேர்த்ததும் அப்படியே வந்துடுச்சு அண்ணா. 750, 700.

தேர்வறை
13 ஜூன், காலை 6.50

இப்போது பேனலில் வரக்கூடிய மாற்றம்: சி-க்கும் டி-க்கும் நடுவில் மட்டும் 20 கி.மீ., 80 நிமிடம். மற்றவை பழையபடி. எத்தனை இடத்தில் திருத்துகிறீர்கள்?

கொங்கு_கோடர்
13 ஜூன், காலை 7.35

எழுத்து வித்தியாசத்தை 15-ஆல பெருக்குறதை நாலு இடத்துல எழுதியிருக்கேன். நேரம் மணியா வேற இருக்கு, 80 நிமிஷம் உள்ள போகல.

தேர்வறை
13 ஜூன், காலை 8.10

ஏ-யிலிருந்து ஒவ்வொரு நிறுத்தமும் எவ்வளவு தூரம் என்று ஒரு பட்டியல் வையுங்கள்: 0, 15, 30, 50, 65, 80. இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே உள்ள தூரம் இரண்டு எண்ணின் வித்தியாசம். நிமிடம் அதைப் போல நான்கு மடங்கு. நான்கு இடத்திலும் அந்த ஒரே ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். பிறகு அதே ஆறு புக்கிங்கை ஓட்டுங்கள். பி–டி கட்டணம் 400 ஆகும், டாக்ஸி 2 டி-யில் 11.20-க்குத் தான் காலியாகும். ஆகவே நான்காவது புக்கிங்குக்கு மறுப்பு, ஐந்தாவது டாக்ஸி 1, டி-யிலேயே நின்றுகொண்டிருக்கும் டாக்ஸி 2-க்கு ஆறாவது. இரண்டின் சம்பாத்தியமும் 750 என்று வர வேண்டும்.